ஜன்னல் இல்லாத அறை, ஆறாம் தளம்

துறைமுகச் சுவருக்கு இந்தப் பக்கம்,
தண்டையார்பேட்டையில், பதினாறு வருடக் குடித்தனம்.
கடல் என்றால் எங்களுக்கு
டிரெய்லர் லாரிகளின் வரிசைக்குப் பின்னாலிருந்து
வருகிற ஒரு வாடை.

சுவருக்கு அந்தப் பக்கம் போக
தடுப்பூசிச் சான்றிதழ் இரண்டு, ஆதார் நகல் நான்கு,
பத்து மாதத் தவணை,
நெற்றிக்கு நேரே ஒரு துப்பாக்கி.
"தொண்ணூத்தேழு புள்ளி நாலு. போங்க மேடம்."
பரீட்சையில் தேறியவள் மாதிரி சிரித்தேன்.
முகக்கவசத்துக்குள் சிரித்ததை யார் பார்த்தார்கள்?

எங்கேயும் போகாத கப்பல் இது.
இரண்டு ராத்திரி, நடுக்கடலில் ஒரு சுற்று,
மறுபடி அதே இடம்.
"அதுக்கு எண்ணூர் பஸ்ஸே போதுமே" என்றார் ஜெயசீலன்.
பிள்ளைகள் விடவில்லை.
இரண்டு வகுப்பை போனுக்குள்ளேயே படித்து முடித்தவர்கள்.
அவர்களிடம் எப்படி முடியாது என்பது?

கப்பல் நகர்ந்தபோது மேல்தளத்தில்
பாட்டு, பலூன், ஜிகினாத் தூள்.
ஷெரின் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு
எங்கள் மொட்டைமாடியைத் தேடினாள்.
"அந்தக் கறுப்பு டேங்க்... இல்ல, அது வேற யாருதோ."
உள்பக்கம் வெளியே தெரியக்
காயப்போட்ட சட்டை மாதிரி இருந்தது ஊர்.
கிரேன், எண்ணெய்த் தொட்டி, காசிமேட்டுப் படகுகள்,
தையல் எல்லாம் தெரிந்தது.

பிறகு ஆபத்துக்காலப் பயிற்சி.
ஆரஞ்சு மிதவைச் சட்டை, அதற்குமேல் முகக்கவசம்.
ஜோவின் கையைத் தூக்கினான்:
"குதிக்கறப்ப மாஸ்க்கைக் கழட்டணுமா, கூடாதா?"
சொல்லிக்கொடுத்த பையன்
கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினான்.

சாப்பாட்டுக் கூடத்தில்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையுறை போட்ட கைகள்.
நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது,
விரல் காட்டினால் தட்டில் விழும்.
சௌகார்பேட்டையிலிருந்து ஒரே குடும்பம், பதினெட்டுப் பேர்,
பூரியைக் காட்டிக் காட்டி ஓயவில்லை.
அப்போது யாரோ இருமினார்.
அத்தனை கரண்டிகளும் ஒரு நொடி நின்றன.
"மிளகாய்ங்க, மிளகாய்" என்றார், கண்ணில் நீரோடு.
மறுபடி சத்தம் தொடங்கியது.

ஜன்னல் வைத்த அறைக்குப் பதினோராயிரம் கூடுதல்.
எங்கள் அறையில் திரைச்சீலை மட்டும் உண்டு.
விலக்கினால் சுவர்.
விளக்கை அணைத்தால்
கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா
என்றே தெரியாத இருட்டு.

காலையில் கதவு தட்டப்பட்டது. டீ.
நான் எழுவதற்குள் ஜெயசீலன்
தூக்கத்திலேயே சொன்னார்:
"ஸ்டூல்ல வச்சிட்டுப் போ. கிட்ட வராத."

எனக்குத் தெரிந்த குரல்.
போன வருட மே மாதம், பின்னறைக் கதவுக்கு வெளியே
பதினேழு நாள் அந்த ஸ்டூலில் தட்டு வைத்தவள் நான்.
கதவில் காதை வைத்து இருமலை எண்ணுவேன்.
இருமல் நின்றால்
அதற்கும் பயப்படுவேன்.

அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.
அன்றைக்கும் பேசவில்லை.
கோப்பைகளை எடுத்துக்கொண்டு மேலே ஏறினோம்.
பிள்ளைகள் தூங்கட்டும்.

மேலே ஒருவரும் இல்லை,
துடைப்பத்தோடு ஒரு ஆள் தவிர.
எந்தப் பக்கமும் கரை இல்லை. அந்த வாடைகூட இல்லை.
அவர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி
மூச்சை இழுத்தார், நிறுத்தினார், விட்டார்.
மாட்ட கருவி எதுவும் இல்லாத
ஆள்காட்டி விரலைப் பார்த்தபடி,
"தொண்ணூத்தெட்டு இருக்கும்" என்றார்.
"தொண்ணூத்தொன்பது" என்றேன்.
டீயில் சர்க்கரை இல்லை. குடித்தோம்.

மூன்றாம் நாள் அதே சுவர், அதே லாரிகள்.
வீட்டுத் தரை மட்டும் ஞாயிறு வரைக்கும்
லேசாக ஆடிக்கொண்டிருந்தது.
ஷெரின் மாடிக்குப் போய் எங்கள் டேங்கில்
மஞ்சள் பெயிண்டால் பெரிய வட்டம் போட்டாள்,
அடுத்த தடவை அடையாளம் தெரிய.

அடுத்த தடவையாம்.
இன்னும் ஒன்பது தவணை இருக்கிறது.